பெட்டி இல்லாமல் பார்த்த அளவு

அன்புள்ள அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, உன் அறைத் தோழியிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துவிடு. வழக்கமாக அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், இன்று அவருக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன். இங்கே வீடும் பட்டறையும் சுகம், அங்கே நீயும் உன் இருமலும் எப்படி? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சுகமில்லாதது நான் மட்டும்தான்.

அப்பாவுக்குக் கண் மங்கியது வெளியே தெரியாமல் இருப்பது உன்னால்தான். டீசல் பம்பைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றிப் பூட்டுவதை அவர் விரல்களே பார்த்துக்கொள்ளும், டெஸ்ட் பெஞ்சில் ஓடவிட்டு ஆறு கண்ணாடிக் குழாயிலும் எவ்வளவு எண்ணெய் விழுந்தது என்று கோடு பார்க்கத்தான் முடியவில்லை. பட்டறையை மூடிவிடுகிறேன் என்றவரிடம், சின்னவளைப் பார்க்கச் சொல்லுங்கப்பா, அவளுக்குக் கழுகுக் கண்ணு என்று போனில் சொன்னாயே, அதற்கு நான் நன்றியே சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன் அக்கா. பள்ளி விட்டு வந்து அந்தப் பெஞ்சுக்கு முன்னால் நிற்கும் ஒரு மணி நேரத்தில்தான் அப்பா என்னோடு வாய்விட்டுப் பேசுகிறார், சிரிக்கிறார்.

இன்று ஆமை மாமாவின் லாரிப் பம்ப். மேட்டில் எல்லா வண்டியும் அவரை முந்திவிடும், அதனால் ஆமை. கொஞ்சம் இழுவை கூட்டிக் கொடுங்கண்ணே, சைக்கிள்காரன்கூட டாட்டா காட்டிட்டுப் போறான் என்றார். கூட்டலாம், ஆனா எஞ்சின் தாங்குற அளவுக்குத்தான், டீசல் அதுக்கு மேல போனா சூட்டுல பிஸ்டன் உருகிடும், அப்புறம் ஆமை போய் ஓடுதான் மிஞ்சும் என்றார் அப்பா. குழாயை நேர்பார்வையில் பார்க்க எனக்கு மரப்பெட்டி வேண்டும், உனக்குத் தெரியுமே, அதன்மேல் மாமா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருங்க என்று சொல்ல வாய் வரவில்லை, எனக்கென்று பிஸ்கட் வேறு வாங்கி வந்திருந்தார். தரையில் நின்றே அண்ணாந்து பார்த்து, ஆறிலும் குறையுதுப்பா என்றேன், அப்பா கூட்டினார், இன்னும் கொஞ்சம் என்றேன், மறுபடி கூட்டி, திருகை இறுக்கி, யாரும் அதைத் திருப்பாதபடி ஈய சீலும் வைத்துவிட்டார். சின்ன மேஸ்திரி பார்த்தா தப்பாகுமா என்று மாமா என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

படுத்த பிறகுதான் உறைத்தது. கீழிருந்து பார்த்தால் எண்ணெய் இருப்பதைவிடக் கீழேதான் இருப்பதுபோலத் தெரியும். குறையவே இல்லை அக்கா, நான்தான் கூட்ட வைத்தேன். விடிந்ததும் மாமா பம்பை மாட்டிக்கொண்டு பாரத்தோடு மலை ஏறப் போகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், உன்னிடம் சொல்லிப் பார்த்தால் அப்பாவிடம் சொல்ல வாய் வரும் என்றுதான் எழுதுகிறேன். சொன்னால் தன் கண்ணையே நொந்துகொண்டு பட்டறையைப் பூட்டிவிடுவாரோ என்றுதான் பயம். ஆனால் நான் சொன்ன அளவை அவர் ஒரு நாளும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அப்படி நம்புகிறவருக்கு நான் வேறு என்ன செய்ய முடியும், சொல்லத்தான் வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா தினமும் சொல்கிறார். மருந்தை வேளைக்குச் சாப்பிடு, கிழிக்க மறக்காதே. இப்படிக்கு உன்

அக்கா, கதவைத் தட்டுகிறார்கள், அப்பாதான், தூக்கமே வரலையாம், கேட்கிறார், பெட்டியில மாமாதானே உட்கார்ந்திருந்தார், அப்போ நீ எது மேல நின்னு