பெரிய மணிக்குச் சுற்றிய சுற்றுகள்

என் ஆசை அண்ணா சூசைக்கு,

மண்ணுக்குள் போயும் நீ சும்மா படுத்திருக்க மாட்டாய், அங்கேயும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். கையில் திருப்புளி இருந்தால் கீழே வை. முதலில் நல்ல சேதி: உன் கிட்டார் மறுபடி பேசுகிறது. இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உன் காதில் ஏறாது.

அது ஊமையாகிப் போன கதை உனக்குத் தெரியாதே. நீ கண்ணை மூடியது ஆவணியில். ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது, நம் பூந்தமல்லி வீட்டில் ஒழுகாத இடம் அடுப்படி ஒன்றுதான். மழை விட்ட ஒரு மத்தியானம் லூர்து அண்ணி உன் கிட்டாரை எடுத்துத் துடைத்து, சத்தத்தைப் பெருக்க நீ செய்து வைத்த வால்வுப் பெட்டியில் மாட்டி, ஒரு தந்தியைச் சுண்டினாள். பெட்டி உறுமியது. கிட்டாரிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஒழுவுற ஊட்ல செவுத்தாண்ட சாத்தி வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? எங்கண்ணனையும் நீ இப்டித்தான் பாத்துக்கினியா?" என்று கேட்டுவிட்டேன். விஷக்காய்ச்சலில் பதினோரு நாள் உன் பக்கத்தில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தவளிடம், அண்ணா! அன்றிலிருந்து ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே கோயிலில் முழந்தாளிட்டோம், உப்பு இருக்கா புளி இருக்கா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் அயனம்பாக்கத்திலிருந்து அவள் அண்ணன் வந்து, "ஒத்தையில கெடந்து இன்னா பண்ணப் போற, நம்மூட்டுக்கு வந்துடு" என்று கூப்பிட்டார். அவளும் தலையாட்டிவிட்டாள். பட்டணத்தில் பாண்டு வாசிக்கிற ஒருத்தர் உன் வாசிப்பைக் கல்யாண வீட்டில் கேட்டவராம். ஞாயிற்றுக்கிழமை வந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அவருக்குச் சேதியும் போயிற்று.

"ஊமையா கீறத ஊட்ல வெச்சிகினு இன்னா பண்றது? அந்தாளாவது சரி பண்ணி வாசிப்பாரு" என்றாள் அண்ணி. பல மாதம் கழித்து என்னிடம் அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

கிட்டார் போனால் அவளும் போவாள். நானும் தையல் மெஷினும் மட்டும் மிஞ்சுவோம். எனக்கு ஒரு கல்யாணம் முடித்து வைக்காமல் நீ போனதற்கு உன்னிடம் தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதை நேரில் வந்து போடுகிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது பயம். "ஞாயித்துக்கெழம வரிக்கும் பொறு அண்ணி. நான் பேச வெக்கிறேன். பேசுனா நீ போவக் கூடாது" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவரு சத்தம் வந்தா பாக்கலாம். வேற யாரு சத்தமும் எனக்கு வாணாம்" என்றாள்.

இந்தக் கடிதத்தை நம் கோயில் ஜனங்களும் படிக்கப் போகிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆவடி பட்டாளத்து முகாமில் நீ ரேடியோ பழுது பார்த்தாய். சண்டை முடிந்து ஊருக்குக் கப்பல் ஏறிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், பிக்கப் கெட்டுப்போன தன் எலக்ட்ரிக் கிட்டாரை உன்னிடமே விட்டுப்போனான். பிக்கப்பைக் கிட்டாரின் காது என்பாய் நீ. ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே தந்தி அதிர்ந்தால் இந்தக் காது அதைக் கேட்டு, பெட்டிக்குச் சொல்லும். சுற்று குறைந்தால் குரல் கீச்சென்று மெலியும், கூடினால் தடிக்கும். அதிகமாகக் கூடினால் கம்மிப் போகும். எத்தனை சுற்று என்பதில்தான் குரலே இருக்கிறது என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பாய்.

கெட்டுப்போன சுருளை எடுத்துவிட்டுப் புதிதாக நாம் சுற்றியது என் தையல் மெஷினில். பாபின் சுற்றுகிற முனையில் பிக்கப்பின் கூட்டை மாட்டினாய். நான் கைப்பிடியைச் சுற்ற, நீ கம்பியைப் பிடித்து வழிவிட்டாய். எண்ணிக்கை தவறாமலிருக்க ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாய். ஒரு சின்ன மணிக்குக் கைப்பிடி பத்துச் சுற்று; கைப்பிடி ஒரு சுற்று வந்தால் கூடு பத்துத் தடவை சுழன்றுவிடும்.

"இது பாவம் இல்லியாண்ணா?" என்று கேட்டேன்.

"மாதா கோச்சிக்க மாட்டாங்க. அவங்க புள்ளயும் பட்டறையில வேல செஞ்சவருதான்" என்றாய்.

பரலோக மந்திரம் சொல்லவேண்டிய பெரிய மணி வரும்போதெல்லாம், "ஏ மரியா, கை நோவும், போய் தண்ணி குட்ச்சிட்டு வா" என்று எழுப்பிவிட்டாய். கிணற்றடிக்குப் போய், கையை உதறி, நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். இந்த விவரத்தை நீ மறந்திருக்கலாம். மறக்காதே, பின்னால் வருகிறது.

வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு பிக்கப்பைப் பிரித்தேன். பழைய சுருளை எண்ணிக்கொண்டே பிரித்தால் கணக்குத் தெரிந்துவிடும் என்று பார்த்தேன். நீதான் அதை மெழுகில் முக்கி வைத்திருந்தாயே, பிய்ந்து பிய்ந்து வந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன். அடியில் போனதும் விஷயம் தெரிந்தது. கம்பியின் முதல் முனையை நீ ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. ஆசிட் தடவிப் பற்றவைத்தாயா அண்ணா? முகாமில் எல்லாருக்கும் பாடம் சொல்வாயே, மெல்லிசு கம்பிக்கு ஆசிட் ஆகாது என்று! சுற்றி எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தது. சுவரின் ஈரம் அங்கே எட்டவே இல்லை.

அப்போதே எழுந்துபோய் அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நான் பேசிய பேச்சை நானே விழுங்க வேண்டுமே! முதலில் சத்தம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நீ மிச்சம் வைத்திருந்த கம்பியை எடுத்துச் சுற்றினேன். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று சின்ன மணி, மணிக்குப் பத்து. தப்பே இல்லை. மாட்டிச் சுண்டியதும் சத்தம் வந்தது, நானும் துள்ளிக் குதித்தேன். ஆனால் அது தகர டப்பாவில் ஆணியைக் கொட்டிய சத்தம். அண்ணி வாசற்படியில் நின்று கேட்டாள்.

"இது அவரு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெட்டியை இழுத்து வைத்துப் புடவை அடுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் கிட்டாரில் இருக்கிற இரண்டு குமிழ்களோடும் மல்லுக்கட்டினேன். சத்தத்துக்கு ஒன்று, குரலின் கூர்மைக்கு ஒன்று. கூர்மையைக் குறைத்தால் கீச்சு போனது உண்மைதான். ஆனால் உன் கனம் வரவில்லை, போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆனது. குமிழ் குழாயின் திருகு மாதிரி என்று சொல்வாய். வருகிற தண்ணீரைக் குறைக்கும், கிணற்றில் இல்லாததைக் கொண்டுவராது. கோளாறு கிணற்றில்தான் என்று புரிந்தது. கணக்கு சரியாக இருக்கும்போது கிணறு எப்படி வற்றும்?

சனிக்கிழமை காலை அண்ணி பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, மழையால கெடல. அண்ணன் வெச்ச ஆசிட்டு தான் கம்பிய தின்னுட்ச்சி. உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான் தான் வாய்க்கொழுப்புல பேசிட்டேன். அண்ணன பாத்துக்கினதப் பத்தி சொன்னன் பாரு, அத சொன்ன வாயி அழுவிப் போவட்டும்."

அவள் கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "எவ்ளோ சுத்துன?" என்று கேட்டாள்.

"ஒரு ஜெபமால. மணிக்கு பத்து."

"பெரிய மணிக்கு?"

"பெரிய மணிக்கு தான் நிறுத்திடுவோமே."

அண்ணி சிரித்தாள், அண்ணா. நீ போன பிறகு அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

"நீ தான் நிறுத்துன. நீ தண்ணி குடிக்க போவ, அவரு சுத்திகினே இருப்பாரு. பரலோக மந்திரம் மொத்தமும் சொல்லி முடிக்கிற வரிக்கும் சுத்துவாரு. நான் அடுப்பாண்டயிருந்து பாத்துகினு தான இருந்தேன். 'இன்னாங்க, எண்ணவே இல்லியே'ன்னு கேட்டேன். 'அவ கை சின்னது, நோவும். அவ பங்கயும் சேத்து சுத்துறேன், நீ சொல்லாத'ன்னாரு."

ஆறு பெரிய மணி. ஆறு தடவை தண்ணீர் குடிக்கப் போனேன். ஓய்வு என்று நான் நினைத்த நேரத்திலெல்லாம் நீ எனக்காகச் சுற்றியிருக்கிறாய், அதுதான் உன் குரலின் கனம். எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை வேலையை அப்படிச் செய்தாய்? அண்ணியின் மடியில் விழுந்து அழுதேன். அவளும் அழுதாள். காய்ச்சல் நாட்களில்கூட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மேலேயே மிச்சத்தைச் சேர்த்துச் சுற்றிவிடலாம் என்றேன். அண்ணி ஒப்பவில்லை. முதலிலிருந்து சுற்றவேண்டுமாம். சுற்றினோம். நான் கைப்பிடி, அவள் கம்பி, அவள் கழுத்தில் உன் ஜெபமாலை. முதல் பெரிய மணி வந்ததும், "எழுந்து போ, தண்ணி குடி" என்றாள். தாகமில்லை என்றேன். "போறியா இல்லியா? கணக்கு கெட்டுப் பூடும்" என்று அதட்டினாள். கிணற்றடியில் நின்று அவள் மந்திரம் சொல்வதைக் கேட்டேன். நீ சொல்கிற அதே வேகத்தில், கடைசி வரியை இழுத்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாட்டினோம். நான் குமிழை முழுக்கத் திருப்பினேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டு ஒரு நகக்கண் அளவு பின்னால் திருப்பினாள். "அவரு கடேசி வரிக்கும் போவ மாட்டாரு. இங்கதான் நிறுத்துவாரு" என்றாள். நீ அவளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தாயே, ஒரே தந்தியில் நாலு சுரம், அதைத் தட்டுத் தடுமாறி வாசித்தாள். தாழ்ந்து, தடித்து, ஓரத்தில் கொஞ்சம் கரகரத்து நீ வீட்டுக்குள் வந்தாய். எதிர்வீட்டு நாய் எழுந்து வந்து வாசலில் நின்றது. கற்பனை இல்லை, நம் தெருவே சாட்சி.

பட்டணத்துக்காரர் பதினோரு மணிக்கு வந்தார். அண்ணி அவருக்கு மோர் கொடுத்தாள். "மன்னிச்சிக்கோங்க, அண்ணாத்தே. இது இந்த ஊட்லதான் இருக்கும். நானும்தான்" என்றாள். அவர் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, யார் சுற்றிய பிக்கப் என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று பேர் என்றேன்.

இப்போது குமணன்சாவடி ரேடியோ கடைக்காரர் எரிந்துபோன சுருள்களை எங்களிடம் அனுப்புகிறார். வெள்ளைக்காரன் மூட்டை கட்டப் போகிறான், இனிமேல் வீட்டுக்கு வீடு ரேடியோ வரும் என்கிறார். வரட்டும், நாங்கள் சுற்றத் தயார். ஆசிட் பக்கம் மட்டும் போகமாட்டோம். அண்ணி இரண்டாவது தந்திக்கு வந்துவிட்டாள். உன் வருஷப் பூசைக்குள் ஒரு முழுப்பாட்டு வாசிப்பேன் என்கிறாள். வாசிப்பாள்.

நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு ஒன்றுதான். அண்ணி கம்பி பிடிக்கிற நாளில் நான் பெரிய மணிக்கு எழுந்துபோவேன். அவள் கைப்பிடி சுற்றுகிற நாளில், பெரிய மணி வந்தால் அவளை எழுப்பிக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு, அவள் பங்கையும் சேர்த்து நான் சுற்றுவேன். எண்ண மாட்டேன்.

இப்படிக்கு,
ஆறு தடவை தண்ணீர் குடிக்கப் போன உன் தங்கை,
மரியாள்