கூரை போட்ட கருவாட்டுக் களம்

வியாழன், பாங்காக்

எங்கள் தொண்டு நிறுவன இயக்குநர் இன்று வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறினார். கடலூரில் அவரை வேட்டியில் பார்த்தவர் எவருமில்லை. சமூக மேம்பாட்டு மாநாடு என்றால் வேஷமும் வேண்டும்போல.

தேவனாம்பட்டினத்தில் எங்கள் நிறுவனம் கட்டிய கருவாட்டுக் களத்தைத் திரையில் காட்டினார். கருவாடு காய வெயில் வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் அதற்குத் தகரக் கூரை போட்ட மேதை. படம் மட்டும் பிரமாதம். அரங்கமே சொக்கிப் போனது.

அடுத்து, அந்த ஊரில் மீன் விற்கும் செல்வி அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லத்தான் என்னைக் கூட்டி வந்திருக்கிறார்கள். களத்தால் என்ன பயன் என்று கேட்டார்கள்.

"கூரைக்குக் கீழ கருவாடு எப்படிக் காயும்? நாங்க இன்னும் மணல்லதான் போடறோம். அந்தக் களத்துல ஆடுங்கதான் படுக்குது. கட்றதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார் அக்கா.

இயக்குநர் என்னைப் பார்த்தார். "எங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அறைக்கு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியாடி, உண்மையச் சொன்னா இங்க எழுந்து நின்னு கைதட்டறாங்க. நம்மூர்ல யாரு கேக்கறா? எல்லாம் நீ ஒரு வார்த்த வுடாம சொன்னதாலதான்."

இப்போது பக்கத்துக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

இயக்குநரைத் திட்டித் தீர்க்கத்தான் இந்த நோட்டைத் திறந்தேன்.