பொட்டலத்தில் இருக்கும் குழாய்த் துண்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் முதல் வேண்டுதல், என் கோபத்தால் அதில் எந்த மாற்றமும் இல்லை. இங்கே நாங்களும் நலம். இந்த மாதம் அது உண்மை, போன மாதம் எழுதியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் நீ "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இதோடு ஒரு பொட்டலமும் வருகிறது, முதலில் அதைப் பிரி. உள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் குழாய்த் துண்டு இருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார், பிஸ்கட் டப்பா மூடி மாதிரி உள்ளே போகும். அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ வாங்கி அனுப்பினாயே சைலன்சர், அது இதுதான்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. கார் வாங்கியபோது அதோடு வந்த சைலன்சர் நீ கல்லூரி முடிக்கும் வரை உழைத்தது, உன் கல்யாணம் வரைக்கும் உழைத்தது. அப்பாவிடம் ஓட்டப் பழக வருகிறவர்கள் கல்லிலும் குழியிலும் அதை இடித்த இடி கொஞ்சமா? அசையவில்லை. அதற்குப் பிறகு உதிரிபாகக் கடையில் வாங்கியது நாலு வருஷம் வந்தது, சரி போகட்டும் என்று விட்டோம். அடுத்தது இரண்டு மழையைத் தாண்டவில்லை. அதற்கும் அடுத்தது, பொருத்திய வாரமே தாங்குகிற ரப்பர் அறுந்து நடுரோட்டில் தரதரவென்று இழுபட்டது, அப்போது ஓட்டிக்கொண்டிருந்த பெண் என்னவோ வெடித்துவிட்டது என்று காரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். தகடு மெலிந்துகொண்டே போகிறது, வெல்டிங் எச்சில் தொட்டு ஒட்டியது மாதிரி இருக்கிறது, பெட்டியின் மேல் படம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் அழகாகிறது. இதை உன்னிடம் புலம்பியதற்குத்தான் நீ சிரித்துக்கொண்டே "விடும்மா, நானே நல்லதா பார்த்து அனுப்புறேன்" என்றாய். ஐந்து நட்சத்திரம் வாங்கிய பொருள் என்றாய். நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்களா, பெட்டியைப் பிரித்த கையோடு கொடுத்தார்களா, நீ கேட்டாயா? பெட்டி வந்த அன்று உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பழக வருகிற ஒவ்வொருவரிடமும் பையன் அனுப்பியது என்று காட்டினார். அந்த அட்டைப் பெட்டி இன்னும் அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிறது, தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார்.

பொருத்திய நாளிலிருந்தே அது உறுமியது. சைலன்சர் மாட்டுகிற பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு "இப்போ வர்றதெல்லாம் இப்படித்தான் சார்" என்றார். எனக்குச் சந்தேகம்தான், ஆனால் வாயைத் திறந்தால் உன் அப்பா "அவன் அவ்வளவு தூரத்துலேருந்து அனுப்பியிருக்கான், அதைப் போய்க் குறை சொல்றியே" என்று அடைத்துவிடுவார். அதன் பிறகுதான் அவருக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. நாள் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே மெதுவா மாஸ்டர் என்று பெயர் வாங்கிய மனுஷன், இடது பக்கம் திரும்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வலது என்றார். சொன்ன பாடத்தையே திரும்பச் சொன்னார். ஒரு சாயங்காலம் நம் தெருவைத் தாண்டி அடுத்த தெருவில் காரை நிறுத்திவிட்டு, யார் வீட்டுக் கதவிலோ நம் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மாள்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டாள். மறுநாள் பார்க்கிறேன், உள்ளங்கையில் பேனாவால் நம் வீட்டுக்கு வழி எழுதி வைத்திருக்கிறார், பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, நீலக் கதவு என்று. முப்பது வருஷமாக ஊருக்கே வழி காட்டியவர். நான் பார்த்தது தெரிந்ததும் கையை மூடிக்கொண்டார்.

பழக வந்தவர்களும் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றார்கள். ஆனால் புதிதாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்களுக்கு என்றைக்குத்தான் குமட்டவில்லை? பயம் என்று அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். ரிவர்ஸ் எடுக்கும்போது தலையை வெளியே நீட்டினால் அவருக்குப் பிடிக்காதே, கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதற்காக நாலு ஜன்னலையும் ஏற்றி வைத்துத்தானே சொல்லிக்கொடுப்பார். உனக்கும் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்.

டாக்டரிடம் போனோம். வயசானால் இப்படித்தான் என்று ஒரு மாத்திரை எழுதினார். நீ மட்டும் என்ன சொன்னாய்? அதே வார்த்தைதான். அவரையே போனில் கூப்பிட்டு, "வயசாயிடுச்சுப்பா, இப்படித்தான் ஆகும், யார் மேலயாவது ஏத்திட்டா என்ன பண்ணுவீங்க, சாவியை அம்மாகிட்ட குடுத்துடுங்க" என்றாய். அவர் சரிப்பா, சரிப்பா என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் கை கழுவினார். லைசென்ஸ் பரீட்சை நெருங்கியிருந்த ஒரு தையல்காரப் பெண்ணை மட்டும் தேறவைத்துவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்றார். அதுவரைக்கும் பின்சீட்டில் உட்கார்ந்து அப்பா என்னென்ன தப்பு செய்கிறார் என்று பார்த்துச் சொல்லச் சொன்னாயே, கட்டின புருஷனை வேவு பார்க்க என்னை அனுப்பினாயே, அதையும் செய்தேன்.

அன்றைக்கு மழை. ஜன்னலெல்லாம் ஏற்றியிருந்தது. நான் போலீஸ்காரி மாதிரி விறைப்பாகப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, எனக்கே சிரிப்பு வந்தது, இதைப் பார்க்கவா என்னை அனுப்பினான் என்று. சந்தைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ரிவர்ஸ் போடப் பழக்கிக்கொண்டிருந்தார், நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. என் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. தையல்காரப் பெண் பேச்சுக் கொடுக்கலாம் என்று, "பேத்தி பேரு என்னம்மா?" என்று கேட்டாள். எனக்கு வரவில்லை. நானே தேர்ந்தெடுத்து வைத்த பெயர், தினமும் போனில் கொஞ்சுகிற பெயர், வாய்க்கு வரவில்லை. முகம் வருகிறது, பல் விழுந்த சிரிப்பு வருகிறது, பெயர் வரவில்லை. நிறுத்தச் சொல்லி இறங்கி மழையிலேயே வாந்தி எடுத்தேன். காற்றில் கொஞ்ச நேரம் நின்ற பிறகு பெயர் தானாக வந்தது, நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சொன்னேன், போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஓடி வந்து "எனக்கும் இந்தக் கார்ல ஏறினாத்தான் இப்படி ஆகுதும்மா, பயம்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்குப் பயம் என்றால் சரி. சும்மா பின்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு என்ன பயம்?

நாலு ஜன்னலையும் இறக்கி, மழை உள்ளே அடிக்க அடிக்க, நேராகப் பட்டறைக்குப் போகச் சொன்னேன். காரைத் தூக்கி நிறுத்தி, பின்னால் புகை வருகிற வாயில் துணியை வைத்து அழுத்தினார்கள். புகை அதைச் சட்டை செய்யவே இல்லை, பின்சீட்டுக்குக் கீழே விரிந்திருந்த வெல்டிங் வழியாகச் சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே காரின் தரையில் ஒரு ரப்பர் மூடி விழுந்துபோன ஓட்டை, சுற்றிலும் அடுப்புக்கரி மாதிரிக் கருப்பு. மாதக்கணக்கில் அந்த விஷத்தைத்தான் உன் அப்பா மூச்சு முட்ட வாங்கியிருக்கிறார். பட்டறைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சத்தம் வருகிறது என்று சொன்ன அன்றே ஒரு தடவை குனிந்து பார்த்தால் உன் முதுகு ஒடிந்துவிடுமா என்றேன். மனுஷன் தலையைச் சொறிந்தார். புதிது வாங்கலாம் என்று உதிரிபாகக் கடைக்குப் போனால் அவன் வேறு பெட்டியில் அதே தகரத்தை எடுத்து நீட்டுகிறான். விரலால் அழுத்தினேன், அவன் கண்முன்னாலேயே பள்ளம் விழுந்தது. வெட்கமே இல்லாமல் "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, இப்போ வர்றதெல்லாம் இப்படித்தான்" என்கிறான். யார் தலையில் மிளகாய் அரைக்கிறாய், மனுஷன் உட்கார்ந்து போகிற வண்டிக்குத்தானே இதை விற்கிறாய் என்று கத்தினேன், கடையில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். கடைசியில் பழைய கார்களை உடைக்கிற இடத்தில், நம் காரைவிட வயசான ஒரு காரின் அடியிலிருந்து, கம்பெனியில் போட்ட சைலன்சரைக் கழற்றி வாங்கி மாட்டினோம். செத்த காரின் பாகம் கல் மாதிரி இருக்கிறது, பெட்டி பிரிக்காத புதுசு காகிதம் மாதிரி இருக்கிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

டாக்டரிடம் மறுபடியும் போய் நடந்ததைச் சொன்னேன், அவருக்கே முகம் மாறிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது அப்பாவுக்குத் தலைவலி இல்லை. போன கார்த்திகை தீபத்துக்கு வாங்கின எண்ணெய் எங்கே, கேஸ் ரசீது எங்கே என்று நான் மறப்பதையெல்லாம் அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார், என் ஞாபகத்தைக் கேலி வேறு செய்கிறார். உள்ளங்கை சுத்தமாக இருக்கிறது. ஆனால் கார் சாவியை மட்டும் தொட மாட்டேன் என்கிறார். பட்டறையில் அத்தனையும் கண்ணால் பார்த்தவர், "குழாய் ஓட்டைதான், ஒத்துக்கிறேன், அதுக்காகப் பையன் சொன்னது பொய்யாயிடுமா? வயசு ஆகத்தானே செய்யுது" என்கிறார். தையல்காரப் பெண் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டு, வேறு யாரிடமும் போகாமல், தினம் சாயங்காலம் வந்து வாசலில் நின்று, மறுபடி எப்போது சொல்லிக்கொடுப்பார் என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவர் உள்ளே போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொள்கிறார். எனக்கு இதுதான் தாங்கவில்லை. தகரத்தை மாற்ற முடிந்தது, நீ சொன்ன ஒரு வார்த்தையை எந்தக் கடையில் கொடுத்து மாற்றுவேன்? இன்னொன்றும் சொல்கிறேன், ஓட்டை விழுந்தது நீ அனுப்பியதில்தான் என்று உனக்குச் சொல்லக் கூடாது என்றார், "அவன் மனசு கஷ்டப்படும்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி, சத்தியம் செய்யவில்லை. கஷ்டப்படட்டும், கொஞ்சம் கஷ்டப்படு.

நீ பணம் மிச்சம் பிடிக்க அதை வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னையும் ஏமாற்றியிருக்கிறார்கள், அந்த ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே இதையெல்லாம் எழுது, ஒருத்தராவது தப்பிக்கட்டும். உன் காரின் அடியிலும் ஆளை விட்டுப் பார்க்கச் சொல், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வைக்காதே, குழந்தை பின்சீட்டில்தானே உட்காருகிறாள். ஆனால் என் கோபம் குழாயோடு முடியவில்லை. பொருள் கெட்டால் இப்படித்தான் என்றீர்கள், மனுஷன் தடுமாறினாலும் இப்படித்தான் என்றீர்கள், ஏன் என்று குனிந்து பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை. அதனால் இப்போது நான் சொல்வதைச் செய். அவரைக் கூப்பிடு. அழாதே, மன்னிப்பு என்று நீட்டி முழக்காதே, அவருக்கு அது பிடிக்காது. உடம்பைப் பார்த்துக்கோங்க என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே. லீவுக்கு வரும்போது வாடகைக் கார் வேண்டாம், "நீங்களே வந்து எங்களைக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று சொல். வந்து அவர் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார், வழியெல்லாம் அவர் ஓட்டுவதைக் கண்காணிக்காமல் பேசிக்கொண்டு வா.

மருமகளுக்கு என் அன்பைச் சொல், அவள் இருமல் விட்டதா என்று எழுது. பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு என் முத்தத்தைக் கொடு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நல்ல காற்றை மூச்சு வாங்கி, நீண்ட நாள் வாழ வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே கூப்பிட வேண்டும், மறுநாள் இல்லை.

உன் மேல் கோபமும் குறையாத, பாசமும் குறையாத,
அம்மா

பின்குறிப்பு: சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. நேற்று அங்கே ஒட்டடை அடித்தேன். ஆணியில் தூசி, பக்கத்தில் தொங்குகிற குடையில் தூசி, சாவி மட்டும் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. நான் துடைக்கவில்லை.