பொட்டு வைத்த பெட்டி

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

பாஸ்வேர்டுகளை எங்கே வைப்பது என்ற பஞ்சாயத்து இன்றும் முடியவில்லை. சந்தா கட்டினால் ஒரு கம்பெனி கிளவுடில் வைத்துக் காப்பாற்றும், எந்தப் போனிலும் திறக்கலாம் என்றேன். என் வீட்டுக்காரர் யஷ்வந்துக்கு ஆகாது. "நம்ம ஊட்டுச் சாவிய அடுத்தவன் கையில குடுப்பமா அம்மணி?" பம்ப் பட்டறை நடத்துகிற மனுஷன், எதையும் தானே செய்தால்தான் தூக்கம் வரும். பட்டறையிலேயே ஒரு சர்வர் பெட்டி வைத்து எல்லாவற்றையும் அதில் பூட்டப் போகிறாராம்.

"ஏனுங்க, உங்களுக்கு முடியாமப் போனா நான் என்ன செய்யறது?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்திரையில் ஏதோ ஊசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறிப் பிழைத்தவர்.

22 செப்டம்பர்

பெட்டி ஓடுகிறது. என் போனிலும் திறக்கிறது. அழகாகத்தான் செய்திருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஊசியின் பெயர் இருக்கிற ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்த மெயிலின் பாஸ்வேர்டும் அதற்குள் போய்விட்டது.

30 செப்டம்பர்

பூஜைக்கு எனக்குப் புதுப் போன்! பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. புதியதை இன்னும் பெட்டியோடு இணைக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

பூஜை முடிந்து திரும்பும்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் அவர் வண்டி சறுக்கிவிட்டது. தலையில் அடி, மயக்கம். அவர் போன் தூள் தூள். எந்த மருந்து ஒத்துக்காதும்மா என்று டாக்டர் கேட்கிறார். ரிப்போர்ட்டில் இருக்கிறது. மெயிலைத் திறக்க முடியவில்லையே!

பட்டறைப் பெட்டியும் ஓடவில்லை. அவர் அம்மா, என் அத்தை, அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, லேத் மெஷினோடு சேர்த்து மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார். பூஜை வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை ஓட்டக்கூடாது. நானுந்தானே பக்கத்தில் நின்னு கும்பிட்டேன்? கூறுகெட்டவ!

போன் செய்தேன். அத்தை ஓடிப்போய்ப் பட்டறையைத் திறந்தார். "போட்டுட்டேன் கண்ணு. சாமி பொறுத்துக்கும்."

பெட்டி விழித்தது. விழித்ததும் திரையில் அவருக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிட்டது என்றார் அத்தை. சித்திரையில் அவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூம் லீவு. சந்தேகமான மருந்தையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறோம் என்றார் டாக்டர்.

2 அக்டோபர்

கண் விழித்தார். எப்படி இருக்கீங்கன்னுகூடக் கேட்கலை. "அந்த ஊசி பேரு என்னங்க?" என்றேன். சொன்னார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அப்புறம்தான் அழுதேன்.

12 அக்டோபர், ஞாயிறு

கட்டுப் போட்ட தலையோடு லேப்டாப்பைக் கேட்டார். கிளவுடில் கணக்கு திறந்தார், தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவசரத்தில் தன்னுடையதைத் திறக்க யாருக்கு உரிமை என்ற இடத்தில் என் பெயரைப் போட்டார். பத்து நாளாக நெஞ்சில் இருந்த கோபம் கரைந்துபோனது.

பிறகு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

"உனக்குன்னு ஒரு பாஸ்வேர்ட் வெச்சுக்க அம்மணி. எனக்குச் சொல்லாத."

நான் அடித்து முடிக்கும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.