முதுகுவலியும் ஐந்து புத்தர்களும்

தை 13, செவ்வாய்

காலையில் பனி. எதிர் மரம் தெரியவில்லை. புளி உலுக்க ஆள் வரவில்லை. நானே ஏறலாமா என்று அண்ணாந்து பார்த்தேன். மரம் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

மச்சான் முனிராஜ் ஊரில் இல்லை. பெங்களூரில் மகள் வீடு. குளிர் என்று என் ஸ்வெட்டரையும் வாங்கிப் போயிருக்கிறான். போன் எடுப்பதில்லை. பேரன் பிடுங்கி வைத்திருப்பான்.

பொழுது போகாமல் பெச்சபூன் திட்டத்தைத் திருத்தி எழுதினேன். தாய்லாந்தில் ஒரு மாகாணம். நானும் முனிராஜும் அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறோம். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "தாய்லாந்துக்கு இன்னாத்துக்குங்க?" என்றார். "புளி பாக்க சார்." சிரித்து முடிக்க அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தேவைப்பட்டது. என் வீட்டுக்காரி வள்ளி சிரிக்கவில்லை. "அம்பது வயசு ஆம்பளைங்க ரெண்டு பேரு அங்க புளி பாக்கத்தான் போறீங்களா?"

சத்தியமாகப் புளிதான். வாணியம்பாடி பாய், எங்கள் புளியை வாங்குகிறவர், ஒருமுறை அந்த ஊர்ப் புளி ஒரு பெட்டி கொடுத்தார். ஓடு நம்முடையது மாதிரியே. உள்ளே பேரீச்சம்பழத் தித்திப்பு. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இரண்டு பேருக்கும்.

பார்க்க வேண்டியவை:

மலைமேல் கோயில். ஐந்து வெள்ளைப் புத்தர்கள், ஒருவர் முன் ஒருவராக. படத்தைப் பார்த்ததும் நான் சொன்னது: "நெல்லிவாசல் ஜீப்புல நெருக்கி உக்காந்த மாதிரி கீறாங்க. ஆனா ஒருத்தர் மூஞ்சிலயும் சலிப்பு இல்ல." முனிராஜுக்குப் புரையேறியது. என் ஆயுளில் நான் சொன்ன நல்ல ஜோக் அதுதான். சாமி மன்னிக்கட்டும்.

காவ் கோ மலை. விடியலில் மேகம் காலுக்குக் கீழே. பக்கத்தில் ஏரி. முனிராஜ் அதில் குளிப்பானாம். விடுவார்களா, விசாரிக்கணும்.

நாம் நாவ் வனப் பூங்கா. பைன் மரம், யானை. பெயருக்கே குளிர்ந்த தண்ணீர் என்று அர்த்தமாம். ஸ்வெட்டர் அவசியம்.

சி தேப். பழைய செங்கல் கோயில்கள். நம் விஷ்ணு அந்தக் காலத்திலேயே போய் நின்றிருக்கிறார். அவருக்கு யார் விசா கொடுத்தார்களோ.

கடைசியாகப் புளியந்தோப்பு. மரத்தடியில் நின்று ஓட்டை உடைத்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயில் போடுவது. யாரும் முந்தக் கூடாது. கையில் அடித்துச் சத்தியம்.

தை 14, புதன்

பனி இல்லை. பாய் வண்டியோடு வந்தார். இறங்கியதும், "முதுகு எப்டி கீதுங்க இப்ப?"

"என் முதுகுக்கு இன்னா பாய்?"

"படுத்த படுக்கைன்னாரே முனிராஜ். எங்க தம்பி ஒரு கும்பலைத் தாய்லாந்து கூட்டிட்டுப் போறாரு. ஒரு எடம் காலி. உங்குளுக்குத்தான் அவர்கிட்ட சொல்லி வுட்டேன். மாமாவால குனிய முடியாது, அவர் எடத்துல நான் போறேன்னாரு."

அந்த நேரம் நான் முதுகில் புளி மூட்டையோடு நின்றிருந்தேன். பாய் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யா அல்லா" என்றார்.

"இப்பத்தான் பாய் சரியாச்சு" என்றேன். அவனை எதற்காகக் காப்பாற்றினேன்? தெரியவில்லை. பழக்கதோஷம்.

மத்தியானம் களி இறங்கவில்லை. இல்லாத முதுகுவலி வந்துவிட்டது.

தை 15, வியாழன்

வெயில். கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடவில்லை.

என் போனில் முனிராஜின் ஸ்டேட்டஸ் ஒன்றும் காணோம். வள்ளியின் போனில் வரிசையாக இருக்கிறது. எனக்கு மட்டும் மறைத்திருக்கிறான். ஐந்து புத்தர்கள் பின்னால், என் ஸ்வெட்டர் முன்னால், ஸ்வெட்டருக்குள் அவன். கீழே எழுதியிருப்பது: நெல்லிவாசல் ஜீப்புல நெருக்கி உக்காந்த மாதிரி கீறாங்க, ஆனா ஒருத்தர் மூஞ்சிலயும் சலிப்பு இல்ல.

எழுத்து மாறவில்லை. என் பெயர் மட்டும் இல்லை. வள்ளி அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள்.

"உனக்குத் தெரியுமா?"

"பெங்களூர்ல அஞ்சு புத்தர் எங்க கீது? பாத்ததுமே தெரியும். நீ சோறு துன்ன மாட்டியேன்னு சொல்லல."

"சிரிப்பு எதுக்குப் போட்ட?"

"நல்லா இருந்துச்சு. நீ சொன்னதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நல்லதெல்லாம் அவன்கிட்டதான சொல்ற."

இடத்தைப் பிடித்தான், சரி. ஜோக்கை விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

தை 19, திங்கள்

சந்தை. மேகமூட்டம்.

நெல்லிவாசல் ஜீப் முனிராஜ் ஊரில் கிளம்பி எங்கள் ஊருக்கு வரும். டிரைவர் பக்கத்தில் எனக்கு அவன் துண்டு போட்டு வைப்பான். வருஷக்கணக்கான ஏற்பாடு. துண்டு கிடந்தால் ஊர்க் கவுண்டரே பின்னால் போய் நிற்பார். அடுத்தவர் துண்டை எடுப்பது எங்கள் மலையில் கிடையாது.

இன்றும் கிடந்தது. பக்கத்தில் அவன். கறுத்திருந்தான்.

"ஏறு மாமா. எடம் போட்டு வெச்சிகீறேன்."

"முதுகுவலி மச்சான். குனிய முடியாது."

துண்டை எடுத்தேன். உதறி மடித்து அவன் மடியில் வைத்தேன். பின்னால் ஆட்டுக்குட்டியோடு நின்ற பெண்ணை வரச் சொன்னேன். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள். டிரைவர் பாட்டை நிறுத்தினார். குட்டிதான் முதலில் ஏறியது. திருப்பத்தூர் வரை நான் பின்னால் நின்றே போனேன்.

சந்தையில் பின்னாலேயே வந்தான். ஸ்வெட்டரை நீட்டினான். ஒரு பொட்டலத்தையும்.

"தப்புதான் மாமா. ஒரே எடம். ஆசை வந்துடுச்சு. கால்ல வுழணும்னாலும் வுழுறேன்."

"தித்திப்பா இருந்துச்சா?"

"துன்னல. தோப்புல எல்லாரும் துன்னாங்க, நான் தொடவே இல்ல. கையில அடிச்சமே. அப்டியே எடுத்தாந்தேன். வெள்ளிக்கிழமை உங்க மரத்தடியில ஒண்ணா பிரிக்கலாம்."

கண் கலங்கியிருந்தது. எனக்கும், சந்தைப் புழுதியில். திரும்பும்போது முன் சீட்டில் துண்டு. உட்கார்ந்தேன். ஏரியில் குளித்தானா என்று கேட்டேன். விடவில்லையாம். ஜீப்பே சிரித்தது. ஜோக்கைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தை 20, செவ்வாய்

தூறல். உலுக்க ஆள் வந்தாயிற்று. வள்ளி ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தாள். அதன் பையைத் திருப்பினாள். புளியங்கொட்டைகள். சப்பிச் சப்பி வழவழவென்று, ஒரு நார் இல்லாமல்.

"தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். பொட்டலத்தைப் பிரித்தேன். மரத்தடிக்குப் போகவில்லை. அடுப்படியிலேயே நின்று ஒன்றை உடைத்துத் தின்றேன்.

தித்திப்புதான்.