பனி கேட்கும் செடி

உதகமண்டலம்
10-6-1936

அன்புள்ள நைனாவுக்குப் பொன்னம்மாளின் வணக்கம்.

உங்கள் மாப்பிள்ளை தவறிப்போன பிறகு அங்கே தனியாக எதற்கு, பூந்தமல்லிக்கே வந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். அவர் பார்த்துவந்த பாறைத் தோட்டத்தைத் துரைசானி இப்போது என் கையில் விட்டிருக்கிறாள். உங்கள் பேச்சைத் தட்டவும் மனசில்லை. கிழங்கு வியாபாரத்துக்கு வந்த எத்திராஜ் சித்தப்பாவிடம் ஒரு தொட்டி கொடுத்திருக்கிறேன். கல்லிடுக்கில் வளரும் சீமைச் செடி. சின்னக் கோசு மாதிரி அடுக்கு இலை. ஒரு வருஷம் அது உங்களிடம் பிழைத்தால் நானும் வந்துவிடுகிறேன்.

தண்ணீரைக் கண்ணில் காட்டினால் போதும்.

உங்கள் பொன்னம்மாள்

பூந்தமல்லி
3-9-1936

என் கண்ணு பொன்னம்மாவுக்கு, நைனா சொல்லச் சொல்லத் தபால்காரர் துலுக்கானம் எழுதுவது.

மல்லிக்குப் போடுகிற மாதிரி சாணி எரு போட்டு, காலையும் மாலையும் செம்பு நிறைய ஊற்றினேன். கொழுகொழுவென்று ஆனது. தெருவே வந்து பார்த்தது. நேற்று தொட்டேன், அடியிலை கூழாய்க் கையோடு வந்துவிட்டது. "இன்னா மாமா, விருந்து வெச்சே கொன்னுட்டியே!" என்கிறாள் உன் அண்ணி கெங்கம்மாள். செடி போனால் நீ வரமாட்டாய். சீக்கிரம் வழி சொல்.

நைனா வேம்புலி

உதகமண்டலம்
12-9-1936

நைனா, பயப்படாதீர்கள்.

அழுகினதைக் கிள்ளி எறிந்துவிட்டுச் செடியைக் காயவையுங்கள். எருவைக் கொட்டிவிட்டு உடைந்த ஓடும் ஜல்லியும் போட்டு நடுங்கள். அது பட்டினிக்குப் பழகின செடி. இங்கே உறைபனியில் இலையெல்லாம் ரத்தச் சிவப்பாகும். அந்தக் குளிரைத் தாங்கின பிறகுதான் தண்டு விட்டு, நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்கும். முதல்முறை பார்த்தபோது அவரும் நானும் அடுப்பில் சோறு இருப்பதையே மறந்துவிட்டோம்.

பொன்னம்மாள்

பூந்தமல்லி
8-6-1937

கண்ணு பொன்னம்மா,

நான் ஜெயித்துவிட்டேன். சித்திரை வெயிலில் கிணற்றுப் படியில் இறக்கிவைத்துக் காப்பாற்றினேன். செடி உயிரோடு இருக்கிறது.

எத்திராஜ் போன வாரம் உன் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "நம்ம பொண்ணா அதுன்னு அசந்துட்டேன் அண்ணாத்தே. கல்லு மேல கல்லு அடுக்கிக்கினு, பாடிக்கினு கீது. பாறையே தெரியல, அம்மாம் பூவு!" என்றான்.

கிணற்றடிக்குப் போய் என் தொட்டியைப் பார்த்தேன். பச்சையாகவே இருக்கிறது. சிவக்கவுமில்லை, பூக்கவுமில்லை.

உனக்கு ஆறு வயசு இருக்கும். கிணற்றுச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கப் போனேன். "உடு நைனா, அதுக்கு அந்த எடம் புட்ச்சிகீது" என்று என் கையைத் தட்டிவிட்டாய்.

தொட்டியை எத்திராஜிடமே கொடுத்தனுப்புகிறேன். இருந்த பாறையிலேயே வை. நீயும் அங்கேயே இரு. அது பூக்கும்போது எழுது, நான் ரயிலேறி வருகிறேன்.

எனக்கு ஒரு கம்பளி வாங்கி வை.

நைனா