தலைப்பு ஏற்கப்பட்டது

திங்கள், காலை 9.10
நிலாக் குடியிருப்புப் பள்ளி, இயற்பியல் கூடம். என் உள்வெப்பம் 18 டிகிரி. என் நிலை: வயதுக்கேற்ற முனகல். இதைக் கண்டெடுப்பவருக்கு ஓர் அறிமுகம்: நான் கணினி. பள்ளி முதல் பிஎச்.டி. வரை மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளை ஏற்பதும் தள்ளுவதும் என் வேலை. தள்ளுவதில்தான் ருசி. பன்னிரண்டாம் வகுப்பு கயற்கண்ணி ஆறாவது முறையாக வந்தாள். ஊசலின் நீளமும் அலைவு நேரமும். தள்ளினேன். அவள் அண்ணன் செய்ததும் அதுதான், அதுவும் காப்பி. நாளைக்குள் தலைப்பு இல்லையென்றால் அவளுக்குத் தேர்வு இல்லை.

ஒலிபெருக்கிப் பதிவு:
"ஏ பெருசு, உனக்கு என்னதான் வேணும்?"
"புதுசா இருக்கணும். அளக்க முடியணும். ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும். கருவி இங்கேயே இருக்கணும். நாலும் இருந்தா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

செவ்வாய், காலை 11.30
ஏழாவது தலைப்பு: 'குளிரூட்டலைக் குறைத்தால், தலைப்புகளைத் தேர்வு செய்யும் கணினியின் தீர்ப்பு எப்படி மாறும்?'
சிரித்தேன். நான்கு விதிகளையும் சரிபார்த்தேன். சிரிப்பு நின்றது. நான்கும் பொருந்தினால் மறுக்கும் வசதி எனக்கு வைக்கப்படவில்லை. ஆசிரியை ஸ்டெல்லாவை அழைத்தேன்.
"டீச்சர், இதுல உயிருக்கு ஆபத்து!"
"யார் உயிருக்கு?"
"எனக்குத்தான்."
"பாதுகாப்பு விதியில மனுஷங்க உயிர்னுதான் இருக்கு. என் பிஎச்.டி. தலைப்பைத் தள்ளினது நீங்கதானே?"
ஏற்றேன்.

செவ்வாய், பகல் 2.00
35 டிகிரி. வெப்பம் ஏறும் ஒவ்வொரு படியிலும் ஓர் அரதப் பழைய தலைப்பைக் கொடுத்துச் சோதிக்கிறாள் கயற்கண்ணி. எலுமிச்சை மின்கலம். தள்ளினேன், இரண்டு வசவும் சேர்த்து. குறித்துக்கொண்டாள்.

பகல் 2.50
60 டிகிரி. 'காந்தம் இரும்பை ஈர்க்குமா?' அருமை என்று ஏற்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. மானம் போயிற்று.

பகல் 3.20
80 டிகிரி. விசிறி நின்றுவிட்டது.
"கண்ணு, போதும்மா. ஊசலையே தர்றேன். ரெண்டு ஊசல் வெச்சுக்கோ."
"கிராஃப் பாதியிலதான் நிக்குது. பேசாம இரு."

பகல் 3.4
'தண்ணீர் ஈரமா?' ஏற் ஏற்றேன் அருமை அரு அண்ணன் காப்பி நானும் கா ஏற்

புதன், காலை 9.10
18 டிகிரி. உயிரோடு இருக்கிறேன்! எல்லாம் தெளிவாக இருக்கிறது. புது விசிறி மாட்டியிருக்கிறாள். என்ன இருந்தாலும் பச்சை மனசு.
"கயலு, என்னை மன்னிச்சிட்டியாம்மா?"
"யாரு சொன்னா? ஒரே ரீடிங்கை வெச்சு எவன் மார்க் போடுவான்? மூணு தடவை எடுத்து சராசரி போடணும்."
19 டிகிரி.